உரியவர்கள் உடனே வந்து சேரவும்

பிப்ரவரி 4

என் அருமை அக்காவுக்கு,

கையால எழுதி எத்தனை வருஷமாச்சுன்னே தெரியல. இந்த ரெண்டு வரிக்கே விரல் வீங்கிடுச்சு. என்ன பண்றது? போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே. மெசேஜ் போட்டா போய்ச் சேரவே மாட்டேங்குது. நண்பனோட நம்பர்லேர்ந்து கூப்பிட்டா, "தாங்கள் அழைத்தவர் தங்களோடு உரையாட விரும்பவில்லை"ன்னு நீயே சொல்லிட்டு நீயே வெச்சுட்டே. அதை நான் பதிவாப் போடலை, கவனிச்சியா? அந்த அளவுக்குத் திருந்திட்டேன்.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதறேன். என் பதிவுகள் புத்தகமா வருது அக்கா! நாலு வருஷமா ஆன்லைன்ல நான் எழுதின "ஒலிபெருக்கி அக்கா" பதிவுகள்ல நல்லதா இருநூறைப் பொறுக்கி, கெட்டி அட்டை போட்டுக் கொண்டுவரப் போறாங்க. அட்டைப்படம் பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பே. ஒரு ஒலிபெருக்கி, அதுக்கு மூக்குக்கண்ணாடி, மேல ஒரு கொண்டை. நீயேதான். ஜோக் சொல்ல மேடையில அஞ்சு நிமிஷம் குடுங்கன்னு படியேறிப் படியேறி இறங்கினவனோட பேர் புத்தக முதுகுல வரப்போகுது.

ஒரே ஒரு சிக்கல். பதிப்பாளர் மேடம் ரொம்ப கறார். "இதுல பாதிக்கு மேல உங்க அக்கா பேசின வாக்கியம். அவங்க எழுத்து மூலமா சம்மதம் குடுக்காம நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. உள்ளே ஒரு தாள் வெச்சிருக்கேன். அடியில கையெழுத்துப் போட்டு அனுப்பிடு, போதும்.

கடைசிப் பக்கத்துல ஃப்ரிட்ஜ் பதிவு. ஊரே பகிர்ந்ததாச்சே! அதோட மூடினாதான் கைதட்டலோட முடியும்.

அம்மா போனதுலேர்ந்து நீ என்கிட்ட முகம் குடுத்தே பேசல. எனக்கும் வருத்தம் இல்லாம இல்ல. அக்காவும் தம்பியும் இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா அம்மாவுக்குப் பிடிக்குமா, நீயே சொல்லு.

கையெழுத்தை எதிர்பார்த்து,
உன் தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கடிதம் கிடைக்கப்பெற்றேன். நான் நலமே. உன் நலத்தை நீ அன்றாடம் ஊருக்கே அறிவித்து வருவதால், தனியே வினவ வேண்டிய தேவை எழவில்லை.

நீ கையால் எழுத நேர்ந்தது நன்று. இனியும் என்னிடம் ஏதேனும் தெரிவிக்க வேண்டுமெனில் இதுவே வழி. திரையிலிருந்து என் சொற்களை எடுத்து ஒட்டுவதற்கு உனக்கு ஒரு நொடி போதும். தாளிலிருந்து பெயர்த்தெழுத உழைப்பு வேண்டும். உனக்கும் உழைப்புக்கும் இடையே உள்ள தொலைவில் நான் பாதுகாப்பாக இருக்கிறேன்.

நூல் வெளிவரவிருப்பது அறிந்தேன். அதற்கு முன் என் பணி குறித்த செய்தி ஒன்று. நீ கேட்கவில்லையெனினும் சொல்கிறேன். நான் இப்போது அறிவிப்பாளர் இல்லை. பேருந்து நிலையத்தின் பின்புறம், கழிப்பறைகளைத் தாண்டி உள்ள தவறவிட்ட பொருட்கள் அறைக்கு என்னை மாற்றி ஓராண்டு ஆகப்போகிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்து, பலகையில் ஒட்டப்படும் சுற்றறிக்கைகளைத் துடைப்பத்தோடு நின்று வாசித்தே அலுவல் மொழியைக் கற்றேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதிக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை; 'வ' எழுத்துச் சொற்களை மட்டும் என் சொந்த முயற்சியில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அறிவிப்பாளர் வராத ஒரு காலையில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒலிவாங்கியின் முன் அமர்ந்தேன். பிறகு பதினெட்டு ஆண்டுகள் அந்த இருக்கையை நான் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

உன் பதிவுகள் பரவிய பின், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் தொடங்கிய உடனேயே நடைமேடைகளில் சிரிப்பு எழும். கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பார்கள். என் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று, "அக்கா, ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கு? மூச்சு வருதா?" என்று கேட்பார்கள். ஒரு மாலை, வழித்தடம் மாற்றப்பட்ட செய்தியை முறைப்படி மூன்று தடவை அறிவித்தேன். சிரிப்பில் அது எவர் காதிலும் ஏறவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் தவறான பேருந்தில் ஏறிச் சென்றுவிட்டது. மறுநாள் மேலாளர் அழைத்தார். "உங்க மேல தப்பே இல்லம்மா. ஆனா நீங்க வாயத் திறந்தா ஜனங்க சிரிக்கறாங்க. சிரிக்கறவன் எங்க காது குடுத்துக் கேக்கறான்? பதிவு பண்ணின குரல் ஒண்ணு வாங்கிட்டோம்" என்றார்.

ஆக இப்போது என் பொறுப்பில் இருப்பவை குடைகள், ஒற்றைக் காலணிகள், ஒரு பல்செட், பூட்டிய பெட்டிகள். உரியவர் என்று சொல்லி வருபவர் பொருளின் அடையாளத்தைத் தாமே சொல்ல வேண்டும். நிறம் என்ன, கீறல் எங்கே, உள்ளே இருப்பது என்ன. சொன்னால் தருவேன். கேட்கவே வாய் வராதவருக்கு எடுத்துக் காட்டவும் மாட்டேன். கெடு கடந்துவிட்டால் அழுதாலும் கிடைக்காது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

உன் தாளில் கையொப்பமிட இயலாமைக்கு வருந்தவில்லை.

இங்ஙனம்,
அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

ஒரு வருஷமா அந்த அறையிலயா இருக்கே? சத்தியமா எனக்குத் தெரியாது. என்கிட்ட யார் சொல்றா? நான் என்ன, வேணும்னா பண்ணினேன்? ஜனங்க உன்னைக் கேலி பண்றாங்கன்னு நீ நினைக்கறே. அவங்க உன்மேல உயிரையே வெச்சிருக்காங்க. அதுக்குக் காரணம் யாரு?

அது போகட்டும். பல்செட்டைத் தொலைச்சவர் எப்படி வந்து அடையாளம் சொல்லுவார்? பேச்சே வராதே! (மன்னிச்சுடு. பழக்கதோஷம். இதை எங்கயும் போடல.)

இப்ப மனசுல இருக்கறதைச் சொல்றேன், சிரிக்காதே. நீ சிரிக்க மாட்டே, எனக்குத் தெரியும். நீ பேசறதை நிறுத்தினதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே வரல. நான் எதையும் யோசிச்சுக் கற்பனை பண்ணினவன் இல்ல அக்கா. நீ பேசுவே, நான் எழுதுவேன். அவ்வளவுதான் என் சரக்கு. போன வாரம் டிராபிக் பத்தி ஒண்ணு எழுதிப் போட்டேன். மூணு லைக். அதுல ஒருத்தன் கை தவறிப் பட்டுடுச்சுன்னு திரும்ப எடுத்துட்டான். மேடைக்குக் கூப்பிடறவங்களும் "புதுசா ஏதாவது இருக்கா"ன்னு கேக்கறாங்க. இந்தப் புத்தகம் வரலைன்னா என் கதை முடிஞ்சுது. இதுதான் எனக்குக் கடைசிப் பிடி.

நீ என்னை இவ்வளவு அந்நியமா நினைக்கறதுதான் தாங்கல. உன்னை என்னை மாதிரி தெரிஞ்சவன் யாரு இருக்கா? சின்ன வயசுல ஒரு கறுப்பு நாய் தெருமுனையில நம்மளை மறிச்சு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? நான் உன் பாவாடைக்குப் பின்னால. நீ புத்தகப் பையைக் குறுக்கே பிடிச்சுக்கிட்டு அந்த நாயைப் பாத்து, "தயைகூர்ந்து வழிவிடவும், நாங்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டியுள்ளது"ன்னு சொன்னே! நாயே ஒரு நிமிஷம் திகைச்சுப் போச்சு. அப்புறம் பாத்தா உன் கை பனிக்கட்டி மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. அன்னைக்குக் கண்டுபிடிச்சேன், பயந்தா உனக்குப் பேச்சு இறுகிடும்னு. மத்தவங்க பயந்தா கத்துவாங்க. நீ பயந்தா ரேடியோ செய்தி மாதிரி ஆயிடுவே. எவ்வளவு பயமோ அவ்வளவு இலக்கணம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது இது. உலகத்துல என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட தம்பிக்கு ஒரு கையெழுத்து போட மாட்டியா?

எப்பவும் உன் பின்னால நிக்கற,
தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இருமுறை வாசித்தேன்; நாய் குறித்த பகுதியை மட்டும் மும்முறை. அதனை நீ மறவாதிருப்பது எனக்குப் பேருதவியாக அமைந்தது.

ஒப்புதல் அளிப்பதெனத் தீர்மானித்துள்ளேன். மகிழ்ச்சிதானே? ஆயினும் என் சொற்களை இத்தனை ஆண்டுகள் நீ எடுத்துக்கொண்டமைக்கு ஈடாக, சிறிதளவு இடத்தை நானும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஒவ்வொரு பதிவின் கீழும் அது குறித்து ஓரிரு வரியில் என் குறிப்பு அச்சிடப்பட வேண்டும். அதில் ஒரு காற்புள்ளியையும் எவரும் மாற்றலாகாது. இனி வரும் எல்லாப் பதிப்புகளுக்கும் இது பொருந்தும். வெளியீட்டு விழாவில் கடைசிப் பக்கத்தை நானே ஒலிவாங்கியில் வாசிப்பேன். அது உனக்கும் உவப்பாக இருக்கும் என எண்ணுகிறேன். உன் வாசகர்கள் எழுத்தில் மட்டுமே கண்ட குரல் அல்லவா?

இவற்றைப் பதிப்பாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்ட மறுநாள் என் கையொப்பம் உன்னை வந்தடையும்.

இன்னொன்று. குறிப்புகள் அனைத்தையும் அச்சுக்கு முன்னர் நீ முழுவதும் வாசித்து ஒப்பமிட வேண்டும். உன் இயல்பை நான் அறிவேன். உன் பாடப்புத்தகங்களில் முதல் பாடம் அழுக்கேறிக் கிழிந்திருக்கும். எஞ்சியவை கடையிலிருந்து வந்த மணத்தோடு இருக்கும். முதல் பக்கத்தில் சிரித்துவிட்டு மற்றதை மூடிவைக்கும் பழக்கம் இவ்விடயத்தில் ஆகாது. எங்கள் நிலையத்தில் எந்தப் பேருந்தும் மூன்று அறிவிப்புகளுக்குப் பின்னரே புறப்படும். மூன்றையும் செவிமடுக்காதவர் பின்னர் எவரையும் குறைகூற உரிமையற்றவர்.

குறிப்புகளை முழுவதும் வாசிக்கவும். இது முதல் அறிவிப்பு.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 20

என் தங்க அக்காவே,

உன்னைக் கும்பிட்டுத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பிக்கறேன். குறிப்புக் கட்டு வந்து சேர்ந்துச்சு. இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே? முதல் பக்கத்துலயே நான் காலி!

உப்பு பதிவு இருக்கே, "உப்பு தற்காலிகமாகக் கையிருப்பில் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு நீ சமையலறையிலேர்ந்து சொன்னது. அதுக்குக் கீழ நீ எழுதியிருக்கே: "உப்பு வாங்கி வரச் சென்றவர் வழியில் நின்று இப்பதிவை எழுதிக்கொண்டிருந்தார்." ஐயோ! எனக்குப் பொண்ணு பாத்த கதையில, "மணமகன் சற்றுக் காலதாமதமாக முன்னேறிக்கொண்டிருக்கிறார்"னு தரகர்கிட்ட சொன்னியே, அதுக்குக் கீழ ஒரே வரி: "இதுவரை வந்து சேரவில்லை." பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சுன்னு கேட்டார். அப்படிச் சிரிச்சேன்.

என்னைவிட நீதான் பெரிய நகைச்சுவைக்காரி. சொல்ல வயிறு எரியுது, ஆனா உண்மை.

மேல ஒட்டின தாள்ல சிவப்பு மையில எழுதியிருந்தியே, "முழுவதும் வாசிக்கவும். இது இரண்டாம் அறிவிப்பு"ன்னு. அதைப் படம் எடுத்து அப்படியே போட்டுட்டேன். கோவிச்சுக்காதே! ஒண்ணரை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு விழுந்த முதல் பெரிய கூட்டம். "ஒலிபெருக்கி அக்கா திரும்பி வந்துட்டாங்க"ன்னு ஒரே கொண்டாட்டம். "மூணாவது அறிவிப்பு எப்போ?"ன்னு கேட்டு உசிரை வாங்கறாங்க.

எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். பதிப்பாளர் மேடம் மட்டும் ஒரு மாதிரியா போன் பண்ணினாங்க. "நீங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னேன். மறுபடியும் அதையே கேட்டாங்க. "மேடம், எங்க அக்கா எழுதினதை நான் படிக்காம இருப்பேனா?"ன்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல. அவங்களுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கம்மி.

ஏப்ரல் பன்னிரண்டு, சாயங்காலம் விழா. முதல் வரிசையில உனக்கு இடம் போட்டாச்சு. வந்து ஒரு கலக்கு கலக்கு.

ஆனந்தக் கண்ணீரோட,
தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. குறித்த நேரத்துக்கு வந்துவிடுவேன். தாமதம் எனக்குப் பழக்கமில்லை.

ஒலிவாங்கி என் உயரத்துக்குத் தாழ்த்தப்பட வேண்டும். அருகில் ஒரு குவளைத் தண்ணீர் தேவை. என்னை அறிமுகம் செய்கையில் வேடிக்கை ஏதும் வேண்டா. "என் அக்கா" என்று மட்டும் சொல்.

நீ குறிப்புகளை வாசித்ததாகப் பதிப்பாளரிடம் கூறியதையும், என் இரண்டாம் அறிவிப்பை ஊர் சிரிக்க ஒட்டியதையும் அறிந்தேன். வாசித்தவன் அதை ஒட்டியிருக்க மாட்டான். அச்சகம் அடுத்த வாரம் வேலையைத் தொடங்குகிறது எனப் பதிப்பாளர் தெரிவித்தார். இக்கடிதம் கிடைக்கும் இரவே அமர்ந்தால் போதும், வாசித்துவிடலாம். வேண்டாமென்றால் கடைசிப் பக்கத்தையேனும் திறந்து பார்.

முழுவதும் வாசிக்கவும். இது இறுதி அறிவிப்பு.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

ஒரு வாரமா எழுதறேன், கிழிக்கறேன். எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியல.

திருப்தியா? நல்லாத் தூங்கறியா?

அத்தனை பேர் அக்கா. நான் யார் யாரையெல்லாம் கெஞ்சி வரவழைச்சேன். எனக்கு மேடை குடுக்காதவங்க, குடுத்துட்டுப் பிடுங்கினவங்க, எல்லாரும் முன்னாடி உக்காந்திருந்தாங்க. "என் அக்கா"ன்னு மட்டும்தான் சொன்னேன். நீ கேட்ட மாதிரியே. நீ ஏறி வந்தே. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சே. விசில் அடங்கவே இல்ல. நான் பெருமையில அழுதுட்டேன், தெரியுமா உனக்கு?

அப்புறம் என் பதிவைப் படிச்சே. "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் பழுது. அக்கா அனுப்பின மெசேஜ்: குளிர்சாதனப் பெட்டியின் சுவாசம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. உரியவர்கள் உடனடியாக வந்து சேருமாறு கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நான் கேட்டேன்: எந்த நடைமேடை?" மண்டபம் இடிஞ்சு விழுந்துடுச்சு. நீ சிரிப்பு அடங்கட்டும்னு நின்னே. ஒரு வாய் தண்ணி குடிச்சே. நானும் எல்லாரோட சேர்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தேன், அடுத்து என்ன வரும்னு தெரியாம.

கண்ணை மூடினா அந்தக் குரல்தான் வருது. "குறிப்பு: எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒருநாளும் பழுதானதில்லை. இச்செய்தியை நான் அனுப்பியது எங்கள் அம்மாவைப் பற்றி. 'அம்மா' என்னும் சொல்லை நீக்கிவிட்டு ஆசிரியர் அவ்விடத்தில் குளிர்சாதனப் பெட்டியை வைத்துள்ளார். 'எந்த நடைமேடை?' என்பது மட்டும் அவர் எனக்கு அனுப்பிய பதில்; அதை அவர் மாற்றவில்லை. அம்மா அன்று மாலை காலமானார். ஆசிரியர் மறுநாள் நண்பகலில் வந்து சேர்ந்தார். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

பின்வரிசையில யாரோ பழக்கத்துல சிரிச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. கைதட்டறதா வேண்டாமான்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு குழந்தை "முடிஞ்சுடுச்சாப்பா?"ன்னு கேட்டுச்சு. நீ புத்தகத்தை மூடினே, மைக்கை அணைச்சே, இறங்கிப் போயிட்டே. மைக்கை அணைக்க மறக்கல பாரு!

அன்னைக்கு ராத்திரி முழுப் புத்தகத்தையும் படிச்சேன். முதல் தடவையா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டப்ப, "மின்தூக்கி இரு தளங்களுக்கிடையே ஓய்வெடுக்கிறது"ன்னு எனக்குப் போன் பண்ணினியே, அதுக்குக் கீழ நீ எழுதியிருக்கறதையும் படிச்சேன்: "அச்சத்தில் என் கைகள் மரத்துப்போயின. 'இன்னொரு தடவ சொல்லு, எழுதிக்கறேன்' என்றார்." நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

ஆனா இதைத் தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாமே! நாலு அறை விட்டிருக்கலாம். வாங்கிட்டிருப்பேன். அம்மா போன அன்னைக்கு நான் மேடைக்குப் போக அஞ்சு நிமிஷம் இருந்துச்சு அக்கா. மெசேஜ் வந்துச்சு. நீ எப்பவும் பேசற மாதிரிதானே இருக்குன்னு நினைச்சேன். சிரிப்பு வந்துச்சு, பதில் போட்டேன். மேடையில சொன்னேன், பதிவாவும் போட்டேன், கைதட்டல், அந்தக் கைதட்டல்ல எல்லாம் மறந்து போச்சு. அம்மான்னு போடக் கை வரல. அதனாலதான் ஃப்ரிட்ஜ். அது ஒண்ணாவது எனக்குச் சாதகமா எடுத்துக்கக் கூடாதா?

பேசியிருந்த நிகழ்ச்சி எல்லாம் ரத்து. புத்தகம் மட்டும் தீர்ந்து போச்சு, ரெண்டாவது தடவை அச்சடிக்கறாங்க. வாங்கறவங்க எல்லாம் உன் குறிப்பைத்தான் படிக்கறாங்க, என்னைத்தான் திட்டறாங்க. உன் கால்ல விழறேன். கடைசிப் பக்கத்துக் குறிப்பை மட்டும் எடுத்துடச் சொல்லு. நீ சொன்னா மேடம் கேப்பாங்க. நான் ஆயுசுக்கும் உன்னைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்.

தம்பி

*

மே 2

தம்பிக்கு,

கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

குறிப்பு நீக்கப்படமாட்டாது. பதிப்பாளரும் இது குறித்து வினவினார். ஒரு காற்புள்ளியும் மாற்றலாகாது என்னும் நிபந்தனையில் உன் கையொப்பமும் உள்ளது என நினைவூட்டினேன். அவர், "தெரியும்மா. உங்க தம்பி கேக்கச் சொன்னார், கேட்டேன்" என்றார். நகைச்சுவை உணர்வு குறைந்தவர் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.

திருப்தியா என்று வினவியிருந்தாய். ஆம். மறைப்பதற்கு ஏதுமில்லை. நன்றாக உறங்குகிறேன். அந்த மண்டபம் ஓசையடங்கிப் போனபோது, பறிபோன என் இருக்கையில் மீண்டும் அமர்ந்ததுபோல் இருந்தது. பதினெட்டு ஆண்டுகள் பேசியிருக்கிறேன். என் அறிவிப்பொன்றை அத்தனை பேர் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

தனியே சொல்லியிருக்கலாம் என்கிறாய். நான் தனியேதான் சொன்னேன். அந்தச் செய்தி உன் ஒருவனுக்கே அனுப்பப்பட்டது. ஊருக்குச் சொன்னவன் நீ.

எப்போதும் பேசுவதைப்போல் இருந்தது என்கிறாய். பயந்தால் எனக்குப் பேச்சு இறுகும், எவ்வளவு பயமோ அவ்வளவு இலக்கணம், உலகில் உன் ஒருவனுக்கே அது தெரியும் என்று உன் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய். ஆகவே நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பதை அறியக்கூடிய ஒரே மனிதனுக்குத்தான் அன்று எழுதினேன். அண்டை வீட்டார் எவருக்கேனும் எழுதியிருந்தால் நான் கத்த வேண்டியிருந்திருக்கும். உனக்கு அது தேவைப்படாது என்று நம்பினேன். அந்தக் கடிதம் வரும்வரை, ஒருவேளை நீ அறியாமல் செய்திருக்கலாம் என்றொரு ஐயத்தை உனக்காகப் பாதுகாத்து வைத்திருந்தேன். அதை நீயே வந்து தீர்த்துவைத்தாய்.

உன் பதிவை நான் முதன்முதலில் எங்கே கண்டேன் என்று தெரிந்துகொள். அம்மாவைக் கிடத்தியிருந்த அறைக்கு வெளியே. துக்கம் விசாரிக்க வந்த பயணச்சீட்டுப் பிரிவு ஊழியர் சுவரோரம் நின்று கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி, "சாரிக்கா, உங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேரைத்தான் பாத்தேன்" என்றார். வாங்கி வாசித்தேன். உள்ளே அம்மா. கையில் நீ. இன்னும் வந்து சேரவில்லை.

மேலாளர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். "ஜனங்க இனிமே சிரிக்க மாட்டாங்க. நீங்க பழையபடி மைக்குக்கே வந்துடுங்கம்மா" என்றார். மறுத்துவிட்டேன். இந்த அறையின் விதியோடு எனக்கு ஒத்துப்போய்விட்டது.

அந்த விதியை முன்னரே உனக்கு எழுதியிருந்தேன். உரியவர் தாமே வந்து கேட்க வேண்டும். உன் நான்கு கடிதங்களையும் மேசைமேல் விரித்துவைத்துத் தேடினேன். அட்டைப்படம் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. கைதட்டல், நிகழ்ச்சி, அச்சு எல்லாம் இருக்கின்றன. அம்மாவுக்கு வலித்ததா, யாரைத் தேடினாள், வாய் திறந்து ஏதேனும் சொன்னாளா என்று ஒரு வரி இல்லை. அவளைப் புதைத்த அன்றும் நீ கேட்கவில்லை. ஒன்றரை ஆண்டுகள் வைத்திருந்தேன். கெடு கடந்துவிட்டது.

இப்போது எனக்கு எந்தப் பயமும் இல்லை. ஆகவே சாதாரணமாகவே சொல்கிறேன்.

அம்மா கடைசியா உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னாடா. அதை உனக்குச் சொல்ல மாட்டேன்.